மதுரையில் ஒன்பது வேளை

நாற்பது நிமிடம் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது, நாற்பது நிமிடம் நான் ஆடாமல் அசையாமல் இந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், தலை முழுக்கச் சாயம், கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, காதோரம் அரிக்கிறது, சொறியக் கூடாது, சொறிந்தால் நாளைக்கு மதுரை பஸ்ஸில் கறுத்த காதோடுதான் ஏற வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக நின்று விசில் ஊதியவள், ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். நல்லவேளை மடியில் நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் தலைப்பு எழுத வேண்டும் என்று நேற்றே உட்கார்ந்தேன், தேன்நிலவு என்று எழுதக் கை வரவில்லை, ஐம்பத்தொரு வயதில் என்ன தேன், என்ன நிலவு, பார்க்கிறவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள், கடைசியில் பள்ளிக்கூடப் பழக்கத்தில் ‘மூன்று நாள் கல்விச் சுற்றுலா’ என்று எழுதிவிட்டு, கல்வி என்ற சொல்லை மட்டும் அடித்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை. சேலத்தில் காலை ஐந்தரைக்கு ஏறினால் பத்தரை, பதினொன்றுக்கு மதுரை. ஜெசிந்தா, நீ மதுரைக்குப் போகப் போகிறாய், அதுவும் தனியாக இல்லை, கபடி டீமோடு இல்லை, உன் வீட்டுக்காரரோடு. வீட்டுக்காரர் என்று மனதுக்குள் சொல்லும்போதே முகம் சூடாகிறது, சாயத்தின் காரமாகவும் இருக்கலாம்.

அவர் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வரதராஜுலு சார். எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயது, மனைவி வேதவல்லி போய் ஒன்பது வருஷம், மகன் ஓசூரில். மே மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். ஐந்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் அவர் என்னை டீச்சர் என்கிறார், நான் அவரைச் சார் என்கிறேன். காலையில் காபி கொடுத்தால் ‘நன்றி டீச்சர்’ என்று எழுந்து நின்று வாங்குகிறார், ஆய்வாளர் வந்தது மாதிரி. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒருவர் துண்டை ஒருவர் எடுப்பதில்லை. நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதரோடு இருப்பது வேறு, குடும்பம் நடத்துவது வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகத் தெரிய நான் முன்னே பின்னே கல்யாணம் கட்டியவளா? அதனால்தான் இந்த மூன்று நாளும். இது சரியாகப் போனால் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. உப்புச் சப்பில்லாமல் போனால், ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாத்தியார்கள், கடைசி வரைக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை, ஆனால் நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் அதற்காகத்தான்.

பட்டியல் கொடுத்தது எங்கள் பயாலஜி பேச்சியம்மாள். மதுரைக்காரி. ‘டீச்சர், மதுரைக்குப் போயிட்டு நீங்க பாட்டுக்கு நெய் ரோஸ்ட்டத் தின்னுட்டு வந்துறாதீக, எங்க ஊரு மானம் போயிரும்’ என்று ஸ்டாஃப் ரூமில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன், எழுதும்போதே வாயில் நீர் ஊறியது. மூன்று நாள், ஒன்பது வேளை. ஞாயிறு காலை மட்டும் பஸ்ஸில் எலுமிச்சை சாதம், கையில் கட்டிக்கொண்டு போவது. மதியம் மட்டன் சுக்கா, எலும்பு ரோஸ்ட். இரவு கறி தோசை, அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கறி, பேச்சி கையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். திங்கள் காலை இட்லிக்குக் குடல் குழம்பு. மதியம் அயிரை மீன், அதை உயிரோடு பாலில் விட்டுக் கழுவுவார்களாம், பாவம்தான், இருந்தாலும். இரவு பன் பரோட்டா, நாட்டுக்கோழி. செவ்வாய் காலை ஆட்டுக்கால் பாயா, மதியமும் இரவும் திரும்பி வருகிற வழியில் கிடைப்பது. நடுவில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா இரண்டு தரம், சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால், முள்ளுமுருங்கை வடை. ஆவணியில் டெங்கு வந்து படுத்து எழுந்ததிலிருந்து எனக்கு இப்படி ஒரு பசி, காய்ச்சல் தின்ற உடம்பு பாக்கியை வசூல் பண்ணுகிறது, முடி கொட்டியது, எடை போனது, பசி மட்டும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மணி பார்க்கிறேன். ஒன்பது நிமிடம்தான் ஆகியிருக்கிறது. நெற்றியில் ஒரு சொட்டு இறங்குகிறது, துண்டின் நுனியால் ஒற்றுகிறேன்.

பாட்டு அவருக்காக. அவருக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில், அப்போதெல்லாம் நாங்கள் வெறும் சார், டீச்சர்தான், ‘தோடி கேட்டா எனக்கு வாய்ப்பாடே மறந்துபோகும்’ என்றார், கணக்கு வாத்தியார் அப்படிச் சொன்னால் அது பெரிய வார்த்தை. நவராத்திரிக்கு மீனாட்சி கோயிலில் கொலு வைப்பார்கள், சாயங்காலம் கச்சேரி நடக்கும் என்று பேச்சி சொன்னதும் இந்தத் தேதியைப் பிடித்தது அதற்குத்தான். எனக்குத் தெரிந்த இசை, சர்ச்சில் பாடுகிற பாட்டும் விளையாட்டு விழா பேண்டும். பதினைந்து நாளாக யாருக்கும் தெரியாமல் மைதானத்து வேப்பமரத்தடியில் காதில் மாட்டிக்கொண்டு தோடி கேட்டுப் பழகுகிறேன். எப்போது ஆரம்பிக்கிறது என்று தெரிகிறது, தவில் நின்றால் முடிந்தது என்று தெரிகிறது, நடுவில் நடப்பது கர்த்தருக்கே வெளிச்சம். ஆனாலும் ஒரு இடத்தில், ஒரே இடத்தில், அந்தச் சத்தம் மேலே போய் இறங்க மறுத்து நிற்கிறது, ஓடி வந்து நீளம் தாண்டுகிற பிள்ளை காற்றில் இருக்கிற அந்த ஒரு நொடி மாதிரி. இதை அவரிடம் சொல்ல வேண்டும். அங்கே வைத்து, மெதுவாக. என்னை உள்ளே விடுவார்களா என்று ஒரு பயம் இருந்தது. ‘சாமி சந்நிதிக்குள்ள போறதுக்குத்தான் கேப்பாக, கொலுவுக்கும் பாட்டுக்கும் ஆரு வேணாலும் வரலாம்’ என்று பேச்சி அடித்துச் சொன்னாள். தூண் ஓரமாக உட்கார இடம் பிடிக்க வேண்டும், அவருக்கு முட்டி வலி. கச்சேரி நீண்டு நான் தூங்கி அவர் தோளில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். பிறகு, விழுந்தால்தான் என்ன என்று யோசித்தேன். பிறகு, விழுந்தேன் என்றால் அவர் எழுந்து ‘நன்றி டீச்சர்’ என்று சொல்லிவிடுவாரோ என்று யோசித்து எனக்கே சிரிப்பு வந்து, சாயம் கழுத்தில் இறங்கிவிட்டது.

பார்க்கிற இடங்களுக்குத் தனிப்பக்கம். திங்கள் விடிகாலை சமணர் மலை, கீழே தாமரைக் குளமும் ஆலமரமும் இருக்கிறதாம், அவர் மரத்தடியில் உட்காரட்டும், நான் மேலே ஏறிக் கையை ஆட்டுகிறேன். இல்லை, வேண்டாம், அவரை விட்டுவிட்டு ஏறுகிறதற்கா இவ்வளவு தூரம் போகிறேன், நானும் மரத்தடியிலேயே உட்காருகிறேன், மலை எங்கும் ஓடாது. சாயங்காலம் நாயக்கர் மகால், அங்கே தூண்கள் ஒவ்வொன்றும் மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காது என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேர், ஒரு ஆள் குறையும், என்றாலும் நான் இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமும் நின்று கையை நீட்டிப் பார்த்தால், விரல் எட்டுகிறதா என்று, ஒரு கணக்குக்காக, கணக்கு வாத்தியாருக்கு அளவெடுக்கப் பிடிக்கும்தானே. ஆசை இருக்கிறது தாசில் பண்ண. அவர் வருவாரா என்பதே இப்போது சந்தேகம். அந்த இடத்துக்கு வந்துவிட்டேன் பார், எந்த வழியாகப் போனாலும் புத்தி அங்கேதான் போய் முட்டுகிறது. புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துண்டில் கை துடைத்துக்கொண்டே, ‘ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்’ என்றார். ‘சொல்லுங்க சார்’ என்றேன். நின்றார். சுவரைப் பார்த்தார். ‘அப்புறம் சொல்றேன்’ என்று போய்விட்டார். வியாழன் சொல்லவில்லை. வெள்ளி சொல்லவில்லை. இன்றைக்குச் சனி.

என்ன சொல்லுவார்? நான் வரவில்லை, நீங்கள் பேச்சியம்மாளோடு போய் வாருங்கள் என்பார். அல்லது, ஓசூரில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்பார், கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்க மாட்டேன். காரணமில்லாமல் பயப்படுகிறவள் இல்லை நான், அடையாளம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, நான் சமைத்த கறியை அவர் தொடவில்லை. வஞ்சிரம் வறுத்தேன், ‘வயிறு சரியில்லை டீச்சர்’ என்று ரசம் ஊற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல், அதற்கும் வயிறு. முட்டைக்குக்கூட வயிறு. அத்தனை நாளாகவா ஒரு மனிதனுக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும், அதுவும் மோர்க்குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுகிற வயிறு? என் கைச் சமையல் கசந்துவிட்டது. கை கசந்தால் ஆள் கசக்க எத்தனை நாள். வேதவல்லியம்மா சமையலைப் பற்றிப் பள்ளிக்கூடமே பேசும், அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தால் நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்போம். இப்போது அந்த அம்மா முன் அறைச் சுவரில் படமாக இருக்கிறார், நான்தான் தினமும் பூ மாற்றுகிறேன், மாற்றும்போது மனதுக்குள் கேட்பேன், அம்மா, இவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா. கறிக்கடைக்காரர்தான் இப்போது என்மேல் பிரியமாக இருக்கிறார். கடையில் கூட்டமே இல்லை, ‘ஈரல் பூரா உங்களுக்குத்தான் டீச்சர், எடுத்துக்கங்க’ என்கிறார், டெங்கு வந்த உடம்பு என்று பரிதாபம் போலிருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம்.

தெருவில் சத்தம். ‘கோவிந்தா! கோபாலா!’ என்று யாரோ நீட்டி முழக்குகிறார்கள், சந்து வழியாகப் பின்வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. இஸ்திரிக் கடை மாரப்பன் குரல். நாமம் போட்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, வீடு வீடாக அரிசி வாங்கி மலைக்குப் போகிறவர், வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். எங்கள் கேட் திறக்கிறது. சார் எழுந்து போகிற செருப்புச் சத்தம். அரிசிப் பானை மூடி. அவரா அரிசி போடுகிறார்? சாமி கும்பிட்டே நான் பார்த்திராத மனிதர் ஆயிற்றே. மாரப்பன் சொல்கிறார், ‘அம்மா இருக்கறப்ப மூணாம் சனிக்குத் தளிகை போட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டு எல போடுவாங்க. அவுங்க போனதுலருந்து ஒம்பது வருசமா வாசல்லயே கையக் காட்டி அனுப்பிடுவீங்க. இந்த வருசம் அரிசி போடறீங்க. மறுபடியும் விரதமாங்கய்யா?’ அவர் சொல்கிறார், ‘விரதம்தான். மெதுவாப் பேசு மாரப்பா, டீச்சர் பின்னாடி இருக்காங்க.’ சொம்பில் அரிசி விழுகிற சத்தம். ‘கோவிந்தா!’ கேட் மூடுகிறது.

புரட்டாசி. அட மக்கே, புரட்டாசி! மூன்றாம் சனிக்கிழமை! விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன், பேச்சியைக் கேட்டேன், பஸ் நேரம் பார்த்தேன், ஊரே கறி தின்பதை நிறுத்தியிருக்கிற மாசத்தில் உட்கார்ந்து கறி தோசைக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். கறிக்கடையில் கூட்டம் இல்லாததற்கு என் டெங்கு காரணம் என்று நினைத்தேனே, என்னைப்போல் ஒருத்தியை எந்த ஊரில் தேடுவது. வயிறு அல்ல, விரதம். என் கை அல்ல, மாசம். ஒரு நிமிடம் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது, மோர்க்குழம்பு மூன்று தரம், அப்படியென்றால் என் சமையல் பிடித்துத்தான் இருக்கிறது! பிறகு கோபம். அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன, அவர் தட்டுப் பக்கத்திலேயே மீன் முள்ளைக் குவித்து வைத்தேனே. பிறகுதான் அது வந்தது, மெதுவாக, காலடியில் தண்ணீர் ஏறுவதுபோல. ஒன்பது வருஷமாக இல்லாத விரதம். உண்மை, எனக்கே தெரியும், போன வருஷம் இதே மாதம் என் டிபனிலிருந்து மீன் வறுவல் எடுத்துச் சாப்பிட்டவர்தான் இவர், அதனால்தானே இது என் புத்தியில் ஏறவே இல்லை. ஒன்பது வருஷம் விட்டதை, என்னைக் கட்டிய முதல் வருஷம் எதற்காக மறுபடி பிடிக்க வேண்டும்? செய்தது தப்பு என்று தோன்றினால் மனிதர்கள் விரதம் இருப்பார்கள். வேதவல்லியம்மா இடத்தில் ஒரு கிறிஸ்தவச்சியைக் கொண்டுவந்து வைத்ததற்குப் பரிகாரம். அதுதான் ‘ஒண்ணு சொல்லணும் டீச்சர்’. அதுதான் ‘மெதுவாப் பேசு’. பேனாவை எடுத்தேன். மட்டன் சுக்கா, அடித்தேன். கறி தோசை, அடித்தேன். குடல், அயிரை, நாட்டுக்கோழி, பாயா. அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்தது. அவர் வரமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் நானே சரிசெய்துவிடுகிறேன், மதுரையில் இட்லியே இல்லையா, மூன்று நாளும் இட்லி தின்கிறேன், வாழ்நாள் முழுக்கக் கீரை தின்கிறேன், கூட வந்தால் போதும். இப்படிக் கெஞ்சுகிற மனசு எனக்குள் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பின்வாசலில் நிழல். அவர் நிற்கிறார், கையில் இன்னும் இரண்டு அரிசி ஒட்டியிருக்கிறது. தலையில் சாயத்தோடு, கழுத்தில் துண்டோடு நான் இருக்கிற கோலத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு முன்னால் வந்தார். ‘ஒண்ணு சொல்லணும்னு சொன்னேனே டீச்சர்.’ ‘புரட்டாசிதானே சார், கேட்டுச்சு’ என்றேன், குரல் மைதானத்தில் கத்துவதுபோல வந்தது. ‘நான் எல்லாத்தையும் அடிச்சிட்டேன், பாருங்க. அங்க போயி உங்க முன்னாடி கறி சாப்பிட மாட்டேன். வீட்லயும் நிறுத்திடறேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் நீங்க.’ நோட்டை வாங்கிப் பார்த்தார். கிழிந்த இடத்தை விரலால் நீவினார். ‘சொன்னா இப்படித்தான் நிறுத்திருவீங்கன்னுதான் சொல்லல’ என்றார். ‘நிறுத்தினா என்ன?’ பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார், முட்டி வலிக்கு அது ஆகாது, இருந்தும் உட்கார்ந்தார். ‘ஆஸ்பத்திரியில பதினோரு நாள் டீச்சர். ஒரு வாய் கஞ்சி எறங்கல உங்களுக்கு. ஸ்பூன் கொண்டுவந்தா மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. உங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. ஒம்பதாம் நாள் வராந்தாவுல நின்னுட்டு இருந்தேன். இவங்க எழுந்து பழையபடி கறியும் மீனும் அள்ளிச் சாப்பிடணும், சாப்பிட்டா புரட்டாசி பூரா நான் அதையெல்லாம் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன். யார்கிட்ட சொன்னேன்னுகூடச் சரியாத் தெரியல. கோவிந்தான்னுதான் வாயில வந்துச்சு. உங்க சாமி கோவிச்சுக்குமோன்னு ஒரு யோசனை.’

எனக்காக யாரும் எதையும் விட்டதில்லை, அம்மா போன பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர்கூடக் கிடையாது. அவர் நோட்டைத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவை எடுத்தார், எடுக்கும்போது விரலோடு சேர்த்துப் பிடித்தார், உடனே விடவில்லை. ‘சொல்ல வந்தது அதான். மதுரைக்குப் போயி, நான் சாப்பிடலையேன்னு நீங்க கையக் கட்டிட்டு உக்காந்துடக் கூடாது. நீங்க சாப்பிடலைன்னா அப்புறம் நான் எதுக்கு விரதம் இருக்கேன்?’ அடித்த ஒவ்வொரு வரிக்கும் மேலே, கரும்பலகையில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்தில், மறுபடி எழுத ஆரம்பித்தார். சுக்கா. கறி தோசை. குடல். அயிரை மீன். நான் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன், கண்ணீர் சாயத்தோடு கலந்து கன்னத்தில் என்ன நிறத்தில் இறங்கியதோ, அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நோட்டில் குனிந்துகொண்டார். கடைசி வரியில் பேனா நின்றது. ‘பாயா அரை ப்ளேட் போதுமா டீச்சர், இல்ல முழுசா?’ என்று கேட்டார். ‘முழுசு’ என்றேன்.